உபதொழிலும் ஊதியமும்

2022ஆம் ஆண்டு யூன் மாதத்திலே இலங்கை அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு இரண்டு சலுகைகளை வழங்கிற்று. அத்தியாவசிய சேவைகளைச் சாராத ஊழியர்கள் மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் வரவேண்டியதில்லை. அந்நாளிலே தத்தம் வீட்டுக் காணிகளில் உணவுப் பயிர் செய்துகொள்ளலாம் என்பது ஒன்று. விரும்பியோர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு சென்று உழைக்கலாம். அதனால் அவர்தம் சேவை மூப்புக்கோ ஓய்வூதியத்துக்கோ பங்கம் வராது என்பது மற்றொன்று. அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த அரசு அது. செப்டெம்பர் மாதமளவில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆகவும், உணவுப் பண்டங்களின் விலையேற்றம் நூற்றுக்கு 94.9 ஆகவும் உயர்ந்திருந்தன.

அவ்விரு சுற்றறிக்கைகளையும் எமது பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையிலே வாசித்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெறும் வயதை அண்மித்த ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "தம்பி, சம்பளம் பாணுக்குக் காணும், பருப்புக்கு நீங்களே வழி பாருங்கோ எண்டு இப்பதான் எழுத்திலை தந்திருக்கிறாங்கள்" என்றார். அவர் பகிடியாகவே சொன்னார். ஆயினும் அச்சொற்களிலே ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது.

உத்தியோகத்தோடு உபதொழிலும் செய்து குடும்பத்தைக் காப்பவரை நம் சமூகம் மெச்சுகிறது. 'கெட்டிக்காரன், கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை' என்கிறது. தனி மனிதரின் முயற்சி என்ற அளவில் இம்மெச்சுதல் நியாயமானதே. ஆனால், ஒருவரல்லர், ஒரு வர்க்கத்தினர் முழுவதுமே உபதொழிலை நம்பி வாழத் தொடங்கும்போது அவர்களுடைய முதற்றொழிலின் ஊதியத்துக்கு என்ன நேர்கிறது? இவ்வினாவைத் தனிமனித ஒழுக்கத்தின் பாற்பட்டதாகக் கொள்ளாது வரலாற்றின் பாற்பட்டதாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலாளித்துவப் பொருளியலின் தந்தை எனப்படும் அடம் சிமித் 1776ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில் இவ்விடயத்தை நேராக நோக்கியிருக்கிறார். ஸ்கொத்லாந்திலே அக்காலத்திற் குடிசைவாசிகள் எனப்பட்ட ஒரு பிரிவினர் இருந்தனர். நிலவுடைமையாளர் அவர்களுக்கு ஒரு குடிசையும், கீரைகறி போடச் சிறு தோட்டமும், ஒரு பசு மேயப் போதிய புல்லும், சில வேளை ஓரிரு ஏக்கர் மட்டமான நிலமும் கொடுத்திருந்தனர். வேண்டும்போது அவர்களை வேலைக்கு அழைப்பர். அப்போது வாரமொன்றுக்கு ஏறத்தாழப் பதினாறு பென்ஸ் பெறுமதியான ஓட்ஸ் மாவைக் கூலியாகக் கொடுப்பர். எஞ்சிய நாட்களிலே குடிசைவாசி யார் எவ்வளவு கொடுத்தாலும் வேலைக்குப் போகத் தயாராயிருந்தான். சாப்பாட்டின் ஒரு பகுதி தோட்டத்திலிருந்து வந்ததால் குறைந்த கூலி அவனுக்குக் கட்டுப்படியாயிற்று.

இன்னும் தெளிவான உதாரணம் செற்லாந்துத் தீவுகளின் காலுறை. வேலைக்காரரும் கூலியாட்களும் தம் ஓய்வு வேளைகளிலே பின்னிய அக்காலுறைகள் ஆயிரம் சோடிக்கு மேல் ஆண்டுதோறும் லீத் துறைமுகத்துக்கு வந்திறங்கின. சோடி ஒன்றின் விலை ஐந்து பென்சிலிருந்து ஏழு பென்ஸ் வரை. அத்தீவுகளிற் சாதாரணக் கூலியாளின் நாட்கூலியோ பத்துப் பென்ஸ். கையாற் பின்னிய காலுறை தறியிலே நெய்த காலுறையை விடவும் மலிவாக இருந்தது. காரணம், அதைப் பின்னியவர் அதை நம்பி வாழவில்லை. வாழ்வதற்கு வேறு வேலை இருந்தது. காலுறையையே நம்பி வாழ்ந்த தொழிலாளி அந்த விலையோடு போட்டியிட முடியாது போனான்.

சிமித் இதை ஒரு சந்தை வியப்பாகக் கண்டு குறித்துவிட்டு மேலே சென்றார். அதற்குள் மறைந்திருந்த விதியை வெளிக்கொணர்ந்தவர் பிரெடெரிக் எங்கெல்ஸ். 1872ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் வீட்டுப் பிரச்சினை பற்றிய விவாதம் ஒன்று எழுந்தது. தொழிலாளிக்கு ஒரு சிறு வீடும் தோட்டமும் சொந்தமாக்கிவிட்டால் அவனுடைய துன்பமெல்லாம் தீர்ந்துவிடும் எனச் சீர்திருத்தவாதிகள் பேசினர். எங்கெல்ஸ் அதனை மறுத்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். பின்னர் 1887இல் அக்கட்டுரைகளின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையிலே ஜேர்மனியின் வீட்டுக் கைத்தொழிலாளரை உதாரணமாகக் காட்டினார். அவர்களிடம் வீடிருந்தது, உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்தது, ஆடுமாடு இருந்தன. ஆயினும் அவர்களது கூலி மிகத் தாழ்ந்திருந்தது. குடும்பம் முழுவதும் பாடுபட்டுத் தோட்டத்திலிருந்து எதனைப் பெற்றதோ, ஏறத்தாழ அந்த அளவைப் போட்டியின் துணைகொண்டு முதலாளி கூலியிலிருந்து கழித்துக்கொண்டான் என்பது அவரது முடிபு. முன்னொரு காலத்திலே ஓரளவு நல்வாழ்வுக்கு ஆதாரமாயிருந்த தோட்டம், முதலாளித்துவத்தின் கீழே தொழிலாளியின் காலிற் பூட்டிய விலங்காயிற்று.

எனவே உபவருமானம் என்பது ஊதியத்தின் மேல் வந்து சேரும் மிகுதியன்று. காலப்போக்கில் அது ஊதியத்தின் உள்ளே புகுந்து அதன் ஒரு பகுதியை அகற்றிவிட்டு அந்த இடத்திலே அமர்ந்துகொள்கிறது. இது எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக நிகழ்வதென்று கூறுவதற்கில்லை. தொழிலாளரின் அமைப்புப் பலம் எங்கே குறைகிறதோ அங்கே இது விரைவாக நிகழ்கிறது.

*

இலங்கைக்கு வருவோம். இந்நாட்டின் வரலாற்றிலே மிகப் பெரிய விளைவுகளை உண்டாக்கிய உபதொழில் எதுவென்று வினவினால், யாழ்ப்பாணத்துப் புகையிலையையோ கொழும்பு இலிகிதரின் சீட்டையோ பலர் நினைக்கக்கூடும். உண்மையில் அது வெள்ளைக்காரத் துரைமாரின் கோப்பித் தோட்டம்.

உத்தியோகத்தரின் பக்க வியாபாரம் ஏகாதிபத்தியத்துக்குப் புதியதன்று. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி தன் கீழ்நிலை எழுத்தருக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து பவுண் சம்பளம் கொடுத்துவிட்டுச் சொந்த வியாபாரம் செய்ய அனுமதித்திருந்தது. வங்காளத்தைக் கொள்ளையிட்ட செல்வம் பெரும்பாலும் அந்த அனுமதியின் வழியாகவே இலண்டன் போய்ச் சேர்ந்தது. 1786இலே தேசாதிபதியாக வந்த கோண்வாலிஸ் பிரபு அதனைத் தடுக்கக் கையாண்ட வழி, உத்தியோகத்தரின் சம்பளத்தைப் பெருமளவு கூட்டிய பின் அவர்களுக்கு வியாபாரத்தைத் தடை செய்ததாகும்.

இலங்கையிலே கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபார்சின்படி 1833ஆம் ஆண்டிற் சிக்கன நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. சிவில் சேவையாளரின் சம்பளம் குறைக்கப்பட்டது, ஓய்வூதியமும் ஒழிக்கப்பட்டது. அதற்கு ஈடுசெய்வதுபோல, அவர்கள் காணி வாங்கி விவசாயத்தில் ஈடுபடத் தடையில்லாதிருந்தது. முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலின் என்ற மலிந்த விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. காணியை அளப்பவரும், விற்பவரும், வாங்குபவரும் ஒரே கூட்டத்தினராயினர். கச்சேரியிலே வழக்குத் தீர்க்கவேண்டிய துரை தன் தோட்டத்திலே கோப்பிக் கன்றுக்குக் குழி வெட்டுவித்துக்கொண்டிருந்தார். குடியேற்றக் காரியதரிசியாக இருந்த பிலிப் அன்ஸ்ருதரே பெரிய கோப்பித் தோட்டக்காரராக விளங்கினார்.

நிர்வாகம் சீர்குலைந்தது. இலண்டனிற் குடியேற்ற நாட்டு மந்திரியாயிருந்த ஸ்ரான்லி பிரபுவின் கட்டளைப்படி 1844-45ஆம் ஆண்டுகளிலே சீர்திருத்தம் செய்யப்பட்டது. சிவில் சேவையாளர் தோட்டம் செய்வதும் வியாபாரம் செய்வதும் தடுக்கப்பட்டன. அதே வேளையிற் சம்பளம் திருத்தப்பட்டது. ஓய்வூதியமும் மீண்டும் வழங்கப்பட்டது. காணியின் குறைந்த விலையும் ஏக்கருக்கு இருபது சிலினாக உயர்த்தப்பட்டது.

ஆள்வோரின் ஊதியம் குறைந்து அவர்கள் உபதொழிலுக்குப் போனபோது, அந்நோயின் காரணம் ஊதியமே என்பதை ஏகாதிபத்தியம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் உணர்ந்து மருந்தும் செய்தது. அத்துரைமாரின் வழிவந்த விதி இன்றும் நம் தாபன விதிக்கோவையிலே இருக்கிறது. அரசாங்க ஊழியரின் முழு நேரமும் அரசுக்குரியது. அனுமதியின்றி வேறு தொழிலோ வியாபாரமோ செய்யலாகாது. விதி நமக்கும் வந்து சேர்ந்தது. அந்த விதியோடு சேர்ந்து வந்த சம்பளத் திருத்தமோ நம்வரை வந்து சேரவில்லை.

துரைமாரின் அந்த உபதொழில் யாருடைய உழைப்பிலே தழைத்தது என்பதையும் மறந்துவிடலாகாது. தமிழகத்தின் வரண்ட கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக் காட்டுவழியே நடந்து, வழியிலே வாந்திபேதிக்கும் பசிக்கும் பலரைப் பலிகொடுத்துவிட்டு வந்து சேர்ந்தவர்களே அக்கோப்பிச் செடிகளை நட்டனர். ஒருவர்க்கு உபவருமானமாயிருந்தது இன்னொருவர்க்கு முழு வாழ்வாயிருந்தது.

*

இதே உண்மையை யாழ்ப்பாணத்திலும் வேறொரு வடிவிலே காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் இலிகிதராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் சென்றனர். ஊரிலே நின்றவர்கள் ஆசிரியராயினர். காசுக்கட்டளையின் பொருளாதாரம் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் காசுக்கட்டளை மட்டும் குடும்பத்தைக் காக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் செம்மண் தோட்டம் இருந்தது. புகையிலை, மிளகாய், வெங்காயம், மரவள்ளி என்பன அதில் விளைந்தன.

என் பேரனார் ஒரு தமிழ் ஆசிரியர். வெள்ளி காலிக்கும் முன்னரே தோட்டத்துக்குப் போய்விடுவாராம். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, மற்றொருவர் தண்ணீர் மாற, விடியுமுன் இறைப்பு முடியும். பிறகு கிணற்றிலே குளித்து, விபூதி பூசி, வேட்டி சால்வையோடு எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்பார். இக்கதையைச் சிறுவயதிலே கேட்ட காலத்தில் அவருடைய உழைப்பே என் மனத்தில் நின்றது. வளர்ந்த பின்னர்தான் வேறொரு கேள்வி தோன்றியது. துலா மிதித்தவர் யார்?

அவர் காணியற்ற கூலியாள். தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். அவருடைய பிள்ளைகள் பேரனார் கற்பித்த பாடசாலையிலே வாங்கில் இருக்க உரிமைக்காகப் போராட வேண்டியிருந்த காலம் அது. ஆசிரியரின் சம்பளம் போதாதபோது தோட்டம் கைகொடுத்தது. தோட்டத்தின் இலாபம் தங்கியிருந்தது துலா மிதித்தவரின் குறைந்த கூலியில். மேலே கொடுக்கத் தவறிய ஊதியத்தின் பாரம் படிப்படியாகக் கீழே இறங்கி, உபதொழில் எதற்கும் நிலமோ முதலோ இல்லாதவரின் தோளிலே போய் அமர்ந்தது. 'உபதொழில் செய்து முன்னேறினோம்' என்று பெருமை கூறும் மத்தியதர வர்க்கம் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை.

பெண்களின் கணக்கும் எழுதப்படவில்லை. ஓலை வார்ந்து கடகமும் பெட்டியும் பாயும் இழைத்தவர், ஆடும் கோழியும் வளர்த்தவர், புகையிலை பாடம் போடும் காலத்திலே இரவிரவாக விழித்தவர் பெண்களே. அது தொழில் என்றும் கணிக்கப்படவில்லை, உபதொழில் என்றும் கணிக்கப்படவில்லை. 'வீட்டு வேலை' என்ற பெயருக்குள் அடங்கிப்போயிற்று. இன்று நம் நாட்டின் ஆசிரியரிற் பெரும்பான்மையோர் பெண்கள். பாடசாலை விட்டதும் அவர்களுக்கு இரண்டாவது வேலை காத்திருக்கிறது, அதற்குச் சம்பளமில்லை. மேலதிக வருமானம் தேடவேண்டுமாயின் அவர்களுக்கு அது மூன்றாவது வேலை.

தோட்டம் என்ற ஆதாரமும் நிலையானதன்று. திருவிதாங்கூர்ச் சந்தை சுருங்கியபோது புகையிலை வீழ்ந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலே மிளகாயும் வெங்காயமும் பொன் விளைந்தாற்போல விலை பெற்றன. இறைப்பு மிசினின் ஓசை கேளாத ஒழுங்கை இருக்கவில்லை. ஆசிரியரும் இலிகிதரும் அக்காலத்திலே தோட்டத்தால் தலைநிமிர்ந்தனர். 1977ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிந்தன, விலை சரிந்தது. உபவருமானத்தின் மீது கட்டிய குடும்பங்கள் தள்ளாடின. சம்பளமோ தன் பழைய இடத்திலேயே நின்றது.

*

மலையகத்திலே எங்கெல்ஸ் கூறிய விதியை இன்னும் நேராகக் காணலாம். கங்காணி முறை நிலவிய காலத்திலே பெரிய கங்காணிக்கு வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளின் பேரிலும் ஒரு சிறு தொகை கிடைத்தது. கடனும் கடையும் அவருடைய பக்க வருமானங்களாயின. தொழிலாளியைக் கடனிலே கட்டிய 'துண்டு' முறை 1921இலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இலே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆயினும் நாட்சம்பளம் சீவியத்துக்குப் போதியதாக ஒருபோதும் இருந்ததில்லை.

எனவே லயத்துக்குப் பக்கத்திலே மரக்கறிப் பாத்தி, ஒரு பசு, ஞாயிற்றுக்கிழமைகளிலே கைக்காசுக்குக் கொழுந்து பறித்தல், வயது வந்த பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்புதல் என்று குடும்பம் பல முனைகளிலே உழைத்தது. அப்படிச் சேர்ந்த வருமானமே அக்குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தது. குறைந்த நாட்சம்பளத்தையும் அதுவே சாத்தியமாக்கியது. 2021ஆம் ஆண்டிலே நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதும், பறிக்கவேண்டிய கிலோவின் அளவு கூட்டப்பட்டதாகவும் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிலாளர் பல தோட்டங்களில் முறையிட்டனர். ஒரு கையால் வந்தது மறு கையால் போயிற்று. பாத்திகளையும் பசுவையும் இகழ்வதற்காக இதைக் கூறவில்லை. மலையக மக்கள் கேட்பது தமக்குரிய காணியுரிமையை. அது முற்றிலும் நியாயமான உரிமைக் கோரிக்கை. காணியைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கும் தந்திரத்துக்கு அவ்வுரிமை இரையாகிவிடலாகாது என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

*

உபதொழிலை விட வேறு வழி தொழிலாளர் வர்க்கத்துக்குத் தெரியாதா? தெரியும். 1886ஆம் ஆண்டு மே மாதத்திலே சிக்காகோ நகரத் தொழிலாளர் கேட்டது கூட்டுக் கோரிக்கை: நாளின் மூன்றிலொரு பகுதி வேலைக்கு, ஒரு பகுதி ஓய்வுக்கு, ஒரு பகுதி தம் விருப்பத்துக்கு. 1919இலே சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவைக் கைத்தொழில்களுக்கு வகுத்தது. இலங்கையிலே கடை, காரியாலய ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது. எட்டு மணி நேர உழைப்பு ஒரு குடும்பத்துக்குப் போதவேண்டும் என்ற கருத்து அச்சட்டங்களின் அடியிலே கிடக்கிறது. மாலையிலே இன்னொரு வேலைக்குப் போகவேண்டியவனுக்கு எட்டு மணி நேரச் சட்டம் காகிதத்திலேதான் இருக்கிறது. முதலாளி பறித்தால் போராட்டம் எழும்; தானே விற்றால் 'முயற்சி' என்று பாராட்டுக் கிடைக்கும்.

1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி, கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து இந்நாடு ஹர்த்தால் செய்தது. அன்று மக்கள் தனித்தனியே கூடுதலாக உழைத்து 70 சதத்தைத் தேடிக்கொள்ள முனையவில்லை. கூடி நின்றனர், பிரதமர் பதவி விலகினார். 1980ஆம் ஆண்டு யூலை மாத வேலைநிறுத்தத்தில் மாதம் 300 ரூபாச் சம்பள உயர்வு கேட்கப்பட்டது. அரசு சுமார் நாற்பதினாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கிற்று. தொழிற்சங்க இயக்கத்தின் முதுகெலும்பு அன்று முறிந்தது. அதன் பின் வந்த தலைமுறைக்குக் கூட்டாகக் கேட்பது ஆபத்து, தனியாகத் தேடுவது சாமர்த்தியம் என்ற பாடம் கற்பிக்கப்பட்டது. மத்திய கிழக்குக்குப் போனவர்களும், மாலையிலே கடை திறந்தவர்களும், ஓட்டோ ஓட்டியவர்களும் அந்தப் பாடத்தைப் படித்தவர்களே.

ஆசிரியர் வர்க்கம் படித்த பாடம் ரியூசன். 1945இலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960-61ஆம் ஆண்டுகளிலே உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆசிரியர் முகாமையாளரின் தயவிலிருந்து விடுபட்டு அரசாங்க ஊழியராயினர். பெரிய வெற்றிகள் இவை. 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழக வாசல் ஒடுங்கியபோது, போட்டியின் வெப்பம் ஏறியது. யாழ்ப்பாணத்திலே ரியூட்டரிகள் பெருகின. போர்க் காலத்திலும் அவை மூடவில்லை. இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் புலமைப் பரிசிலுக்காகக் காலை ஒரு வகுப்பு, மாலை ஒரு வகுப்பு என்று அலைகிறது.

இவ்விடத்திலே நான் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். வார இறுதிகளில் நானும் பிரத்தியேக வகுப்பு எடுக்கிறேன். 2022இலே பிள்ளையின் பால்மாவுக்காகத் தொடங்கியது. இன்னும் நிறுத்த முடியவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்திலே என் குரல் தளர்வதை நான் அறிவேன். சனிக்கிழமைக்காக மூச்சைச் சேமித்துக்கொள்கிறேன் என்பதையும் அறிவேன். ஒரு நாள் பாடசாலையிலே ஒரு மாணவி எழுந்து, "சேர், இந்தச் செய்யுளை ரியூசனிலை விளக்கினதுபோலை இங்கையும் விளக்குவீங்களா?" என்று கேட்டாள். அவள் என் வகுப்புக்குக் காசு கொடுத்து வருபவளல்லள். வருபவளின் கொப்பியைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு நான் அன்று விளக்கினேன். ஆயினும் அவள் கேட்க நேர்ந்ததே என் தோல்வி. துலா மிதித்தவரின் இடத்திலே இன்று அவள் நிற்கிறாள். ஆசிரியருக்குக் கொடுக்கத் தவறிய ஊதியத்தின் பாரம் கடைசியாக இறங்கியிருப்பது காசில்லாத பிள்ளையின் தலையில்.

2021ஆம் ஆண்டு யூலையிலிருந்து ஒக்டோபர் வரை இந்நாட்டின் ஆசிரியரும் அதிபரும் 1997இலிருந்து தொடர்ந்து வந்த சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றனர். நான் அறிய, ஆசிரியர்கள் நெடுங்காலத்துக்குப் பின் மொழி, மத பேதமின்றி ஒன்றாக நின்ற போராட்டம் அது. அப்போது கடையிலும் பேருந்திலும் ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்: "மாஸ்ரர்மாருக்கு என்ன குறை? ரியூசனிலை உழைக்கினம்தானே!" எங்கெல்ஸ் ஜேர்மன் வீட்டுத் தொழிலாளரைப் பற்றிக் கண்ட விதி எம் ஊர்ப் பேருந்திலே சாதாரணப் பேச்சாக நடமாடியது. ரியூசனே எடுக்காத ஆரம்பப் பிரிவு ஆசிரியைக்கும், நூறு பிள்ளைகள் படிக்கும் பின்தங்கிய பாடசாலையின் ஆசிரியருக்கும், சங்கீத, சித்திர ஆசிரியருக்கும் எதிராக எங்கள் சிலரின் உபவருமானம் சாட்சி சொல்லிற்று. போராட்டத்தின் முடிவிலே கோரியதில் மூன்றிலொரு பகுதி கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டின் விலையேற்றம் அதையும் விழுங்கிற்று.

*

இத்தனையும் கூறியபின், உத்தியோக நேரத்துக்கு வெளியே மனிதர் செய்யும் வேலையெல்லாம் தீது என்ற முடிபுக்கு நாம் வந்துவிடலாகாது. சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னை அரசாங்கத்திலே கணக்குப் பரிசோதனைப் பகுதியில் உத்தியோகம் பார்த்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். 1882இலே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுமுன் 1881இல் வீரசோழியத்தையும், ஓய்வின் பின் 1885இல் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சிலேற்றினார். பகல் முழுதும் கணக்கேடு. இரவிலே செல்லரித்த ஏடு. அவ்வேலை அவருக்குப் பணம் தரவில்லை. அவருடைய பணத்தையே கொண்டது. ஆனால் தமிழர் அதனால் ஒரு பெரும் முதுசத்தை மீண்டும் பெற்றனர்.

சிக்காகோத் தொழிலாளர் கேட்ட மூன்றாவது எட்டு மணி நேரம் இத்தகைய வேலைக்கே உரியது. மனிதன் தன் விருப்பத்தால், தன் சமூகத்தின் தேவையால் செய்யும் வேலை அது. வாசிப்பதற்கும், எழுதுவதற்கும், சங்கக் கூட்டத்துக்குப் போவதற்கும், பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பதற்கும் உரிய நேரம் அது. தாமோதரம்பிள்ளைக்கு அந்த இரவுகள் இருந்தமைக்குக் காரணம், பகலின் சம்பளம் அவருக்குச் சீவியத்துக்குப் போதியதாக இருந்ததே. இன்று எங்கள் இரவுகள் அரிசிக்கும் பாணுக்கும் விற்றாயிற்று. நம் ஆசிரியரிடையே எழுத்தாளர் அருகிவிட்டனர், தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு ஆள் வருவதில்லை, மாணவர் மன்றங்கள் உயிரிழந்துவிட்டன என்று அங்கலாய்ப்போர் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

ஆகவே, நாளைக்கே ரியூசனை விட்டுவிடுங்கள் என்று எந்த ஆசிரியருக்கும் நான் உபதேசம் செய்ய வரவில்லை; எனக்கே அது முடியவில்லை. பட்டினி கிடந்து நிரூபிக்கவேண்டிய ஒழுக்கமும் இதுவன்று. நாம் செய்யக்கூடியது வேறு. உபவருமானத்தை நம் சம்பளத்தின் மாற்றாக நாமே ஏற்றுக்கொள்ளாதிருத்தல். அது இல்லாதவரையே கோரிக்கையின் அளவுகோலாகக் கொள்ளுதல். வகுப்பறையிலே சொல்லவேண்டிய எதையும் சனிக்கிழமைக்கென ஒதுக்கி வைக்காதிருத்தல். சங்கக் கூட்டம் நடக்கும் மாலையிலே வகுப்பு வைக்காதிருத்தல். சிறிய காரியங்கள்தாம். 1845இலே துரைமார் பெற்ற நீதி, ஒரு வேலைக்கு வாழப் போதிய ஒரு சம்பளம், இந்நாட்டு உழைப்பாளர் யாவருக்கும் உரியது என்று கேட்பதற்கு இவை முதற்படியாகும்.

அந்த மாணவி இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். அவளும் அவளுடன் இன்னும் ஆறு பேரும் செவ்வாய்க்கிழமைகளிற் பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம் என்னோடு இருக்கிறார்கள். அதற்குக் காசில்லை. அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் விற்கவில்லை.